பேஸ் வைத்த இடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று வசந்தி மூன்று முறை கேட்டாள். முதல் இரண்டு முறை முட்டிவலி என்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாவது முறை, "மெஷினப் பத்தி எழுத வேணாம்ணே. அத நாங்களே சொல்லிக் குடுத்துக்குவோம். அந்த மலையப் பத்தி எழுதுங்க" என்றாள். உங்கள் அளவைக் கணக்குகளையெல்லாம் இன்று சரிபார்க்கிற இதே வசந்தி, பழைய கம்பெனியில் என்னோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். அவள் கேட்டு நான் மறுக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இந்த மலைதான்.

மெஷினைப் பற்றிச் சொல்லாமல் மலையைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்த விஷயத்தில்தான் நான் சறுக்கினேன்.

செயற்கைக்கோள் நமக்கு வழி காட்டுவதில்லை. அது நேரத்தை மட்டும் சொல்கிறது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. அந்தச் சொல் தரைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை நம் மெஷின், அதாவது ரிசீவர், அளந்து, அதைத் தூரமாக மாற்றுகிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் முந்நூறு மீட்டர் பிசகிவிடும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதும். நம் கையில் இருக்கும் ரிசீவரின் மலிவான கடிகாரத்தைத் திருத்துவதற்காக நான்காவது ஒன்று வேண்டும். அவை வானத்தின் ஒரே மூலையில் கும்பலாக நின்றால் கணக்கு ஆடும், நாலா பக்கமும் பரவி நின்றால் ஓரளவு நிற்கும்.

வருகிற வழியிலும் தொல்லைதான். மிக உயரத்தில் மின்னேற்றம் கொண்ட ஒரு மண்டலம் அந்தச் சொல்லைத் தாமதப்படுத்தும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் பிற்பகலில் அது இங்கே ரொம்பவே ஆட்டம் போடும். அதற்குக் கீழே மழைக்காலத்து ஈரக்காற்று. அதையும் தாண்டி வந்தால் மரக்கிளை மறைக்கும், சுவரில் பட்டு எதிரொலித்து வரும்.

எதிரொலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கே பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு குறுகிய சந்தில் சாக்கடை அளக்கப் போனேன். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள், பின்னால் கண்ணாடி போட்ட உயரமான கட்டடம். அளந்து முடித்து வரைந்து பார்த்தால், ஒரு பூக்கடை நடுரோட்டில் நிற்கிறது. கடைக்கார அக்கா என் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மாநகர மன்றக்காரன் வந்து கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லிவிடுகிறேன் என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்கப்புறம் எண் எது வந்தாலும் முதலில் சந்தேகப்படப் பழகினேன். இது எதிரொலியா, இது ஈரக்காற்றா, இது பிற்பகல் வெயிலா என்று பிரித்துச் சொல்வதில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. சின்னப் பையன்கள் கொண்டுவரும் எண்ணை ஒரு பார்வையில் தூக்கிப் போட்டுவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் நாம் வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான், அதுவும் உங்களுக்குத் தெரியும். இரண்டு ரிசீவர். ஒன்றை இடம் தெரிந்த, அசையாத ஒரு தூணின்மேல் நிரந்தரமாக வைப்போம். அதுதான் பேஸ். இன்னொன்றை அளக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவோம். வானத்தில் நடக்கும் கோளாறு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கோளாறு போய்விடும். மில்லிமீட்டர் கணக்கில் விடை வரும். எல்லாமே பேஸ் அசையாது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது.

இனி மலை.

தீவின் நடுப்பக்கத்தில் ஒரு சரிவை வெட்டிப் படிகளாக்கி வீடு கட்டினார்கள். எந்த இடம், எந்த நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை. வெட்டிய மண் அசைகிறதா என்று மாதம் ஒருமுறை அளந்து அறிக்கை கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. சரிவில் ஐந்து இடங்களில் காங்கிரீட் போட்டு இரும்பு முளைகளைப் பதித்தோம். பேஸுக்கு இடம் தேட வேண்டியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், பாறைமேல் ஒரு பழைய அளவைத் தூண் இருந்தது. ஆனால் அங்கே போக இருபது நிமிடம் ஏற வேண்டும், போனாலும் டுரியான் மரங்கள் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றன. நான் வேறு இடம் பார்த்தேன். சைட் ஆபீசுக்குப் பக்கத்தில், மேல் படியின் ஓரத்தில், ஒரு புதிய தூண் கட்டச் சொன்னேன். அங்கிருந்து நீரிணை வரைக்கும் தெரியும், ஒரு இலைகூடக் குறுக்கே இல்லை. பக்கத்திலேயே மின்சாரம், பக்கத்திலேயே தேநீர். இவ்வளவு நல்ல வானம் பினாங்கில் வேறெங்கும் கிடைக்காது என்று வசந்தியிடம் அளந்துவிட்டேன். வானத்தைத்தான் பார்த்தேன். அந்தத் தூண் நின்ற மண்ணும் அதே சரிவைச் சேர்ந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

சரிவின் அடிவாரத்தில் ஒரு பலகை வீடு இருந்தது. அந்தோணி என்பவரும் அவர் மனைவி லூர்துவும் அங்கே இருந்தார்கள். பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், தோட்டம் போன பிறகும் முதலாளி இருக்கச் சொன்னதால் அங்கேயே தங்கிவிட்டவர்கள். பத்துப் பன்னிரண்டு ஜாதிக்காய் மரம், கொஞ்சம் கீரை, கோழிகள். நான் மேலே போகும் பாதை அவர்கள் வாசல் வழியாகத்தான். மாதாமாதம் அந்தோணி என் பெட்டியைப் பிடித்து ஏற்றிவிடுவார். இறங்கும்போது லூர்து அக்கா பால் ஊற்றாத கோப்பி ஓ போட்டு வைத்திருப்பார்.

அவர்கள் மகன் நீரிணைக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். மேலே மலையை வெட்ட ஆரம்பித்ததிலிருந்தே அங்கே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்குப் போக மனசு. அந்தோணிக்கு மனசில்லை, ஆனால் பிடிவாதக்காரர் இல்லை. மலை ஆபத்து என்று விஷயம் தெரிந்தவர் யாராவது சொன்னால் கிளம்பிவிடுவேன் என்பார். விஷயம் தெரிந்தவர் என்று அவர் சொன்னது என்னைத்தான்.

நான்கு மாதம் அளந்தேன். ஐந்து முளைகளும் பேஸிலிருந்து அளந்தபோது வைத்த இடத்திலேயே இருந்தன. இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். இவ்வளவு சுத்தமான அளவை நான் அதிகம் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டே பழகிய எனக்கு இந்தச் சுத்தத்தின்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. ஃபெரியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இருக்கைக்காரர் நகர்கிறாரா என்று அளந்தால் நகரவில்லை என்றுதான் வரும். ஏறி வந்த ஜெட்டித்துறை எங்கே போயிற்று என்று வெளியே திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்.

ஐந்தாவது மாதம் வசந்தி திரும்பிப் பார்த்தாள். யாரும் கேட்காமல், தன் திருப்திக்காக, பேஸின் இடத்தையே நாட்டின் நிலையான அளவை நிலையங்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டாள். மறுநாள் பாயான் லெப்பாஸ் ஆபீசில் என் மேசைக்கு ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அண்ணே, பேஸே நகந்த மாதிரி இருக்கு. நாலு சென்டி. பள்ளத்துப் பக்கமா."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணி நேரப் பதிவுதான், அதுவும் பிற்பகலில் எடுத்தது. அந்த வாரம் வானம் மோசமாக இருந்தது, நிலையான நிலையங்களோ தூரத்தில் இருந்தன. பேஸுக்குப் பக்கத்தில் அந்த மாதம்தான் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு எடுத்துச் சொன்னேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதில் எதனால் வேண்டுமானாலும் நாலு சென்டிமீட்டர் வந்திருக்கலாம். மலை நகர்ந்தும் வந்திருக்கலாம், ஆனால் அதை மட்டும் நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் பேஸை நான் வைத்த இடமே தப்பு என்றாகும், ஐந்து மாத அறிக்கையும் குப்பை என்றாகும். இப்போது இதைத் தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு என் மனசு இதை எனக்கே தெரியாமல் மறைத்துவிட்டது.

ஒரு முழு நாள் மறுபடி அளந்து பார்க்கலாம், ஓடைக்கு அந்தப் பக்கத் தூணிலிருந்தும் பார்க்கலாம் என்றாள் வசந்தி. வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும் என்று எங்கள் கம்பெனி பாஸ் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் விடவில்லை. வரைவு அறிக்கையின் கடைசியில், பேஸின் இடத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். அந்த வரியை நான் அழித்தேன். பாஸ் அழிக்கச் சொல்லவில்லை, அவர் பார்க்கக்கூட இல்லை. படிக்கிறவன் தேவையில்லாமல் பயப்படுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் கையால் அழித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு முளையின் மூடி உடைந்துவிட்டதென்று மாற்றப் போனேன். இறங்கி வரும்போது லூர்து அக்கா கோப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார். சமையலறைக் கதவு ஒரு வாரமாகச் சாத்த வரவில்லை, நிலையில் இடிக்கிறது என்றார். மழையில் பலகை ஊதியிருக்கும் என்றேன். மகன் வருகிற சனிக்கிழமை லோரி கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், இவர் உங்களைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்கிறார் என்றார். அந்தோணி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. நாங்க இங்க இருக்கலாமா?" என்றார் அக்கா.

அந்த நேரத்தில் வசந்தியின் தாள் என் நினைவில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நினைவில் இருந்தது, நாலு என்ற எண்ணும் இருந்தது. ஆனால் நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி வயதானவர்களைக் கலங்கடிக்கலாமா, இவர்களுக்கு வானத்து மின்மண்டலமும் எதிரொலியும் புரியுமா என்று யோசித்தேன். யோசித்தது ஒரு வாய் கோப்பி குடிக்கிற நேரம்.

"இருங்கக்கா. அஞ்சு மாசமா அளக்குறேன், மலை ஒரு மில்லிமீட்டர் அசையல" என்றேன்.

அந்தோணி சிரித்தார். லோரி வேண்டாம் என்று மகனுக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பத்து நாள் கழித்து மூன்று நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. அக்கா சர்ச்சுக்குப் பூசைக்குப் போனார். கோழிக்கூட்டில் தண்ணீர் நிற்கிறது, வடித்துவிட்டு வருகிறேன் என்று அந்தோணி வீட்டிலேயே நின்றுவிட்டார். பூசை முடிவதற்குள் சரிவு இறங்கிவிட்டது.

வசந்திதான் எனக்குப் போன் செய்தாள். அவள் எதுவும் குத்திக்காட்டவில்லை. மலை விழுந்துவிட்டது அண்ணே, நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். நான் போனபோது தீயணைப்புக்காரர்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பலகை வீட்டின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. என் பேஸ் தூண் இருந்த மேல் படி அங்கே இல்லை. தேடினேன். ஒரு பெரிய மண்பாளம் உடையாமல் அப்படியே வழுக்கி வந்து நடுச்சரிவில் நின்றிருந்தது. அதன்மேல் என் தூண், கொஞ்சம் சாய்ந்து, ஆனால் விழாமல். அதற்குப் பக்கத்தில் முதலாம் முளை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்திருந்தால் அன்றைக்கும் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வந்திருக்காது. அந்தோணியை மூன்று மணிக்குமேல்தான் எடுத்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். பாஸ் மழை அளவைக் காட்டினார், எங்கள் அறிக்கைகளைக் காட்டினார். ஐந்து மாதமும் அசைவு இல்லை. அதிகாரி என்னைப் பார்த்து, அளவைகள் முறையாக எடுக்கப்பட்டனவா என்று கேட்டார். அனுமதித்த எல்லைக்குள்தான் எல்லாம் இருந்தது என்று பதில் சொன்னேன். அதுவும் உண்மைதான். பேஸ் எங்கே நின்றது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவரிடம் நானாகச் சொல்லவும் இல்லை. வெளியே வந்ததும் பாஸ் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில்தான் எனக்கு என்மேல் முதன்முதலாக அருவருப்பு வந்தது.

வசந்தியிடம் போய், அந்தப் பழைய வரைவு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, நீங்கள் கேட்பீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு அவளே கொடுப்பதாக இருந்தாளாம். அடுத்த அமர்வில் வரைவையும், நாலு சென்டிமீட்டர் கணக்கையும், அழித்தது நான்தான் என்று எழுதிய ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். என்னை ஓய்வு பெற்ற சர்வேயர் என்று உங்களுக்கு அறிமுகப்படுத்தியிருப்பார்கள். மரியாதைக்காக அப்படிச் சொல்வது. என் உரிமத்தை நான் திருப்பிக் கொடுத்திருக்காவிட்டால் அவர்களே எடுத்திருப்பார்கள்.

உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் வசந்திக்காகச் சொல்கிறேன். பிழை எங்கிருந்தெல்லாம் வரும் என்று நன்றாகப் படித்த ஆளைத்தான் நீங்கள் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். தனக்குப் பிடிக்காத எண் வந்தால் அதைத் தள்ளிவிட அவனிடம் பத்துக் காரணம் எப்போதும் தயாராக இருக்கும், பத்தும் நியாயமாகவே இருக்கும். ஒரு எண்ணைத் தள்ளும்போது, இதே எண் எனக்கு வசதியாக வந்திருந்தால் இவ்வளவு காரணம் தேடியிருப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். நான் ஒரு முழு நாள் மறுபடி அளந்திருந்தால் போதும். ஒரே ஒரு நாள்.

கடைசியாக ஒன்று. இதை வசந்தியிடம்கூட நான் சொன்னதில்லை.

விசாரணையில் உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி லூர்து அக்காவின் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்தோணியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போனேன். பதினோராவது மாடி. மகன் வேலைக்குப் போயிருந்தான், அக்கா தனியாக இருந்தார். என்னை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேஸ் வைத்த இடத்தைச் சொன்னேன், வசந்தி சொன்னதைச் சொன்னேன், அழித்த வரியைச் சொன்னேன். நீங்கள் கேட்ட அன்று எனக்கு அது தெரியும் என்பதையும் சொன்னேன். பிறகு, அந்த எண்ணை ஏன் நம்பாமல் விட்டேன் என்று விளக்க ஆரம்பித்தேன். வானத்தில் மின்னேற்றம், ஈரக்காற்று, தகரக் கொட்டகை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கம் அது.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அழவில்லை.

"எவ்ளோ நகந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னா?"

நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, நாலு சென்டிமீட்டர் காட்டினேன். அக்கா அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத காட்டியிருந்தா போதுமேண்ணே. எனக்கே சரியா தெரியல, ஆனா இவ்ளோ நகந்த மாதிரி இருக்குன்னு சொல்லியிருந்தா, அவரு சனிக்கிழம லோரியில ஏறியிருப்பாரு. நாங்க என்ன உங்ககிட்ட கணக்கா கேட்டோம்?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.